மரம் பேச ஆரம்பித்தால்

நல்ல மழை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். எங்கள் லைனில் இருக்கிற அத்தனை குடும்பமும் தெருவில் நனைந்துகொண்டு நிற்கிறது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தையே தலைக்கு மேல் பிடித்தபடி நான் நிற்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு நடுங்குகிறாள்.

என் கணவர் மட்டும் எங்கள் வீட்டுக்குள் தனியாக நிற்கிறார். வெளியே வாங்க என்று நான் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன். உள்ளேயிருந்து இருமல் சத்தம் மட்டும் வருகிறது.

வீட்டில் தீப்பிடிக்கவில்லை. சுவர் இடியவில்லை. கூரை போட்டது போட்டபடி இருக்கிறது. எங்களையெல்லாம் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே விரட்டியவரே அவர்தான்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ரயிலில் ஜன்னல் சீட்டுக்குப் போட்ட சண்டை, கல்யாணத்தில் பந்தி நடுவே சாம்பார் தீர்ந்த கதை என்று இந்தப் பக்கத்தில் இத்தனை வாரமாக உங்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். தாண்ட முடியவில்லை.

தகரம் போடும் சத்தம்

எங்கள் வீடு கோலார் தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய லைன் வீடு. ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும். நான் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். கூரை தகரம். அதுவும் தாழ்வான கூரை. தெருவில் நின்று கையைத் தூக்கினால் விளிம்பு கையில் படும். என் மாமனார் காலத்தில் போட்ட தகரத்தை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டே நாங்கள் ஓட்டிவந்தோம்.

என் கணவர் பெயர் ஏழுமலை. சுரங்கத்துக்குள் மரம் நாட்டுகிற கேங்கில் இருந்தார். பாறையைக் குடைந்துகொண்டே போனால் மேலே இருக்கிற மலை சும்மா இருக்காது. அது இறங்காமல் இருக்கத் தடித்தடியான மரங்களைத் தூணாக நிறுத்தி, குறுக்கே உத்தரம் கொடுத்து, சந்து தெரிகிற இடமெல்லாம் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். அதுதான் அவர்கள் வேலை. இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று மரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கட்டில் கால், கதவு நிலை, பலகை என்று எதைப் பார்த்தாலும் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுத் தூணைத் தட்டினார். பெண்ணைப் பார்க்கச் சொன்னால் தூணைப் பார்க்கிறாரே என்று என் அக்கா பின்னால் நின்று சிரித்தாள்.

சுரங்கத்தை மூடியபிறகு எல்லோரையும் போல அவரும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். விடிவதற்கு முன் போனால் இருட்டியபின் வருவார். அதனால் பகலில் எங்கள் கூரை என்ன சத்தம் போடும் என்பதே அவருக்குத் தெரியாது.

நுரையீரல் கெட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. வெயில் ஏறும்போது தகரம் ஒரு தடவை 'டம்' என்று விரியும். வெயில் இறங்கும்போது இன்னொரு தடவை. எனக்கு அது காக்கை கத்துகிற மாதிரி, காதிலேயே விழாது. அவருக்கு அப்படியில்லை. அந்த 'டம்' வந்ததும் கையிலிருக்கிற காபி டம்ளர் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், மூச்சு உள்ளே போகாது. கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்துப் போகும்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அடியாழத்தில் பாறை சில நேரம் தானாக வெடிக்கும். யாரும் வெடி வைக்காமலே, உள்ளே அடைபட்ட பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே எங்கள் வீடுகளில் பாத்திரம் உருளும். கீழே இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு 'டம்'தான்.

கோலாரில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்து கொடுக்கலாம், மிஷின் வைத்து மூச்சு விடச் செய்யலாம். ஆனால் இவர் பயப்படக் கூடாது, ஒரு தடவை மூச்சு மேலே ஏறி நின்றால் இறங்குவது கஷ்டம் என்றார். பயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அது என்ன மாத்திரையா, மூன்று வேளை கொடுப்பதற்கு? தகரத்தின்மேல் சாக்கு விரித்தோம். காற்று தூக்கிக்கொண்டு போனது. உள்ளே தெர்மாகோல் அடித்தோம். எலிகள் வந்து குடும்பம் நடத்தின. டம் மட்டும் நிற்கவில்லை.

சுரேஷ் கொண்டுவந்த பலகைகள்

என் மகன் சுரேஷ், ரிசார்ட்டுகளுக்கு மரக்கூரை போடுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் பெங்களூரில் வேலை செய்கிறான். ஓடு மாதிரியே சின்னச் சின்ன மரப் பலகைகளை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஆணி அடிப்பது அந்த வேலை. ஷிங்கிள்ஸ் என்பான். காசுள்ளவர்கள் காட்டுக்குப் போய் ஏழை மாதிரி இருந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள், அதற்கு இந்தக் கூரை என்று நான் அவனைக் கேலி செய்வேன். ஒரு வேலையில் பலகை நிறைய மிஞ்சிப்போனது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினான்.

மரம் வெயிலில் டம் என்று வெடிக்காது, மழை பெய்தாலும் தகரம் மாதிரி பறையடிக்காது, அப்பா தூங்கலாம் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ வைத்தியம் கேட்டிருந்தேன். கூரையை மாற்றலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

லைனே கூடிவந்து வேடிக்கை பார்த்தது. தகரத்தை உரித்து இறக்கியபோது சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து பறந்துவந்து படிந்த வெள்ளைத் தூள் உள்ளே கோடுகோடாகக் கொட்டியது. பழைய கைமரங்களில் உளுத்ததை மாற்றி, குறுக்கே ரீப்பர் சட்டம் அடித்து, அதன்மேல் தார் ஷீட் விரித்தான். பிறகு கீழ் விளிம்பிலிருந்து பலகையை ஆரம்பித்தான். முதல் வரிசை மட்டும் இரட்டை. அடுத்த வரிசை கீழ் வரிசையின் இணைப்பை மூடுகிற மாதிரி தள்ளி வர வேண்டும். ஒரு பலகைக்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவே காதில் செருகியிருந்த பென்சிலை வைத்து, அந்த அளவுக்குச் சந்து விட்டு ஆணி அடித்தான்.

அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு தட்டு. ஒரு மோப்பம். தேவலாம், பைன் மரம்தான் என்றாலும் வைரம் பாய்ந்திருக்கிறது என்று சான்றிதழ் வேறு. எங்கள் லைன் பிள்ளைகள் ரிசார்ட்டு வந்துவிட்டது என்று வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கச் சரிவும் முடிந்த மறுநாள், உச்சி வெயிலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். குறட்டை வேறு. கல்யாணமான புதிதில் அந்தக் குறட்டைக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சந்து

சுரேஷ் வேலைக்குத் திரும்பிய அந்த வாரத்தில் அவர் ஒரு வேலை பிடித்துக்கொண்டார். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொடுவாளால் சீவி ஆப்பு செய்தார். வெயில் தாழ்ந்ததும் முக்காலி போட்டு ஏறி, பலகைகளுக்கு நடுவே சுரேஷ் விட்டிருந்த சந்துகளில் ஒவ்வொன்றாக வைத்து அடித்தார். கைக்கு எட்டின வரிசையெல்லாம் முடித்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, மறுபடி ஏறுவார்.

அடுத்த ஞாயிறு வந்த சுரேஷ் கூரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்பா, மரம் தண்ணி குடிச்சா ஊதும், ஊதுவதற்கு இடம் வேண்டாமா, அதற்குத்தானே கேப் விட்டேன் என்று கேட்டான். சந்து விட்டு மரம் வைக்கிறதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றார் இவர். மகன் சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. ஒருவன் மழைக்குக் கூரை போடுகிறவன். இன்னொருவர் மலைக்குக் கூரை போட்டவர். மலைக்கு அடியில் மழை ஏது?

சுரேஷ் உளியை எடுத்து ஆப்புகளைப் பிடுங்க ஆரம்பித்தான். இரண்டு மூன்றுதான் பிடுங்கியிருப்பான். இவர் கத்தவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், மூச்சு ஏறிவிட்டது.

"சந்து இருந்தா அசையும்டா. அசைஞ்சா இறங்கிடும். அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்று இழுத்து இழுத்துச் சொன்னார்.

சுரேஷ் உளியைக் கீழே வைத்தான். பிடுங்கிய ஆப்புகளை அவனே திரும்ப அடித்தான். இருக்கட்டும்மா, ஒரு மழை வந்தா அவரே புரிஞ்சுப்பாரு என்று என்னிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனான்.

ராணி

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பயந்தாரோ, அவள் எங்கள் லைன் கோடியிலேயே இருக்கிறாள். ராணி.

அவள் புருஷன் தேவா, என் கணவருடைய கேங்கில் அவருக்கு ஜோடி. இவர் தூணைப் பிடித்தால் அவர் ஆப்பை அடிப்பார். அந்தக் கேங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாரம் தாங்காமல் போகும்போது மரம் முதலில் முனகும், அப்புறம் கிரீச்சிடும். மரம் பேசுகிறது என்பார்கள். மரம் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வெளியேற வேண்டும். அந்த மரத்தை நாட்டினவன் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் வர வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பூமி உதறியது. என் வீட்டு அலமாரியிலிருந்து சொம்பு உருண்டது. நாங்கள் பெண்களெல்லாம் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினோம். ராணி அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்தது. கதவு திறந்து என் கணவர் வந்தார். நான் அவள் கையை விட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். கேஜ் மறுபடி போனது, வந்தது, போனது. தேவா மேலே வரவில்லை. பிறகு உடம்பைத்தான் கொண்டுவந்தார்கள்.

கீழே என்ன நடந்தது என்று அவர் என்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. மரம் பேசியது, ஓடு என்று கத்தினேன், நானும் ஓடினேன், அவன் பின்னால் வருகிறான் என்றுதான் நினைத்தேன். இவ்வளவுதான். மரத்தை நாட்டினவர் அவர் என்பதை நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

ராணி ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அவளுக்கு ஷாஃப்டுக்கு மேலே ஒரு வேலை கொடுத்தார்கள். ஒண்டியாகவே இருந்து காலம் தள்ளினாள். என்னோடு நன்றாகப் பேசுவாள். என் கணவர்தான் அவள் வாசல் வழியாக நடக்க மாட்டார். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம்தான் குறுக்கு வழி. இவர் மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பின்பக்கம் சுற்றிப் போவார். சுரேஷ் கல்யாணத்தில் அவள் அட்சதை போட மேடையேறியபோது மாப்பிள்ளையின் அப்பா சமையல்கட்டில் போய் நின்றுகொண்டார். வயிற்றெரிச்சலாக இருக்கும் எனக்கு. ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தால் என்ன என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். திட்டு வாங்குவதற்கு மட்டும் அவர் சளைத்ததே இல்லை.

மழை

அந்த வருஷம் மழை அடைத்துக்கொண்டு பிடித்தது. முதல் நாள், கூரைமேல் தண்ணீர் விழுவதே தெரியவில்லை. அவர் போர்த்திக்கொண்டு படுத்து, நல்ல கூரைதான் போட்டிருக்கான் என்றார். மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு வந்ததில்லை.

விடாமல் பெய்துகொண்டே இருந்ததில் பலகைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறின. ஒரு நாள் சாயங்காலம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன், மேலே முனகுகிற மாதிரி ஒரு சத்தம். எலி என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு விரலைத் தூக்கினார். பிறகு கிரீச்சென்று நீளமாக ஒரு இழுப்பு. அதற்குப் பின்னால் ஓர் ஆணி தெறித்தது, டம்.

அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்ட காலத்து ஆள் மாதிரி நிமிர்ந்து எழுந்தார்.

"சகுந்தலா, மரம் பேசுது. வெளிய போ."

என்னைத் தெருவில் தள்ளிவிட்டு, அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு லைன் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினார். வெளிய வாங்க, வெளிய வாங்க என்று அவர் கத்திய கத்தலில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த ஊரில் பழைய சுரங்க ஆள் ஓடு என்றால் முதலில் ஓடுவார்கள், பிறகுதான் ஏன் என்று கேட்பார்கள். எல்லோரும் வந்ததைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி எங்கள் வீட்டுக்குள் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். நடுவீட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"தேவா உள்ள கீறான். அவன் வரட்டும். நீ போ" என்றார்.

நான் இழுத்தேன். வரவில்லை. பக்கத்து வீட்டு மனிதர் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். இவர் உதைத்த உதையில் அவர் சுவரில் போய் முட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. சுரேஷுக்குப் போன் செய்தேன், ரயிலில் இருந்தான். நான் இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போ போ என்று கத்துகிறார், அதில் இன்னும் இரைக்கிறது. அதனால்தான் வெளியே வந்து முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகை ஊதித்தான் முனகுகிறது, அந்தக் கூரை விழாது என்று அதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அதைத் தாங்கியே செத்துவிடுவார் என்றும் தெரியும்.

அப்போது ராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்க்கவில்லை. நேராக எங்கள் வாசற்படி ஏறி உள்ளே போனாள். நானும் போனேன்.

அவளைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் மேலேயே இருந்தது.

"அண்ணா, அவரு மேல வந்துட்டாரு" என்றாள் ராணி.

அவர் கண்ணைத் திறந்தார். "நீ பாத்தியாம்மா?"

"நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க? கேஜ் வாசல்லதானே நின்னுக்கினு இருந்தேன். கதவு தொறந்துது, வந்தாரு."

"அடி கிடி?"

"ஒண்ணியும் இல்ல. முட்டில கொஞ்சம் தேச்சிக்கினாரு. வூட்ல உக்காந்து சோறு துன்னுக்கினு கீறாரு. நீங்க இன்னும் வரலியேன்னு கேட்டாரு. வாங்கண்ணா."

அவர் கையை இறக்கினார். இறக்கியதும் கால் மடிந்தது. அவள் ஒரு தோளைப் பிடித்துக்கொள்ள, நான் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டேன். வாசல் தாண்டும்போது ராணியை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். என்னையும் போகச் சொன்னார். பிடியை விட முடியாது என்பதால் நாங்கள் பக்கவாட்டில் முன்னால் ஓர் அடி வைக்க, அவர் கடைசியாக வெளியே வந்தார்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தேவா வந்துட்டான் என்று சுரேஷிடம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். ஏறிய மூச்சு இறங்கவில்லை. கோலாரில் கொஞ்ச நாள் மிஷினில் வைத்திருந்தார்கள். அங்கேயே போய்விட்டார்.

பிறகு

காரியம் முடிந்தபின் சுரேஷ் ஏறி எல்லா ஆப்பையும் பிடுங்கினான். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் அழுதான். நான் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில பலகைகள் மட்டும் கூன் விழுந்திருந்தன, மாற்றிவிட்டான்.

எனக்கு ராணியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா, என்ன பேசுவது என்று தெரியாமலே போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன். எப்படி உனக்கு அந்த வார்த்தை வந்தது என்று கேட்டேன். தினம் சொல்லிப் பார்த்ததுதானே அக்கா என்றாள்.

இன்னொரு பிடி கீரையை என் பக்கம் தள்ளினாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அன்னிக்கு உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு வூட்டுக்கு வந்தேன் அக்கா. துணியெல்லாம் ஈரம். கதவாண்ட வந்து நின்னுட்டேன். தள்ள கை வரல. உள்ள சோறு துன்னுக்கினு கீறார்னு நான்தானே சொல்லிட்டு வந்தேன்."

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

"மழை நிக்கிற வரைக்கும் அப்படியே வெளிய நின்னேன்" என்றாள். "அப்புறம் தொறந்தேன்."